விரல்ரேகை பொருந்தவில்லை

பதிவு 1
மேல்நிலையம், நிலாவின் தென்முனை. திங்கள், 09:20

யார் கையில் கிடைத்தாலும் புரியும்படி எழுத வேண்டும் என்பது விதி. ஆகவே முன்பின் தெரியாத உங்களுக்கு முதலில் என்னைப் பற்றி. பெயர் இசக்கியம்மாள், ஊர் நாங்குநேரி. வேலை, வலையமைப்பைப் பழுது பார்ப்பது. ஒரு பெரிய பள்ளத்தின் விளிம்பில், இரண்டு அறை உள்ள இந்த நிலையத்தில் தனியாக இருக்கிறேன். வெயில் இங்கேதான் அடிக்கிறது, அதனால் சூரியப் பலகைகளும் என் தலையில். சரிவில் மூன்று கிலோமீட்டர் இறங்கினால், ஒருநாளும் வெயில் படாத அடிப்பள்ளத்தில் கீழ்நிலையம். அங்கே இரண்டு பேர் பனிக்கட்டி வெட்டுகிறார்கள். நான் மின்சாரம் அனுப்புகிறேன், அவர்கள் தண்ணீர் அனுப்புகிறார்கள். திட்டிக்கொண்டே ஒருவரை நம்பி ஒருவர் பிழைக்கிறோம்.

நேற்று நிலா நடுங்கியது. பெரிதாக ஒன்றுமில்லை. அலமாரி சாய்ந்து கட்டுப்பாட்டுக் கணினியின் மேல் விழுந்தது, கணினி போய்ச் சேர்ந்தது. உதிரிக் கணினி ஒன்று உறை பிரிக்காமல் கிடந்தது. கீழ்நிலையத்து ரூட்டருக்குள் பாதுகாப்பாக நுழைவதற்கான மென்பொருளை இன்று காலை அதில் நிறுவினேன். கீழே உள்ள காற்று விசிறி, வெப்பம், தண்ணீர் பம்பு, தொலைபேசி எல்லாம் அந்த ஒரு ரூட்டரின் பிடியில்தான் இருக்கின்றன. அங்கே இருப்பவர்கள் பனிக்கட்டி வெட்டத் தெரிந்தவர்கள். ரூட்டரைத் தொட அவர்களுக்கு அனுமதி இல்லை. தொட்டால் நான் கொன்றுவிடுவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மென்பொருளில் முகவரி கொடுத்தேன். என் பெயரில் சாவி ஜோடி ஒன்றை உருவாக்கினேன். அதில் ரகசியச் சாவி என்னிடம் இருக்கும், மற்றது ரூட்டருக்குப் போகும். முதல் தடவை இணைந்தபோது திரை வழக்கம்போலக் கேட்டது.

“இந்தக் கருவியை இதற்கு முன் பார்த்ததில்லை. இதன் விரல்ரேகை கீழே உள்ளது. நம்பலாமா?”

எண்ணும் எழுத்துமாக நீளமாய் ஒரு வரி. பழைய கணினிக்கு ரூட்டரின் விரல்ரேகை மனப்பாடம். இந்தப் புதிய கணினிக்கு எல்லாரும் அந்நியர். நம்பலாம் என்று அழுத்தினேன். என் தொழிலில் இருக்கும் எவரும் அந்த வரியைப் படித்து நான் பார்த்ததில்லை. பேருந்தில் ஏறியதும் கம்பியைப் பிடிக்கிற மாதிரி கை தானாகப் போகும்.

ஆனாலும் விதி இருக்கிறதே. கருவியின் பக்கத்தில் நிற்கும் ஆளைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அதன் முகப்பில் ஓடும் விரல்ரேகையை வாசிக்கச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். ஜெரோமைக் கூப்பிட்டேன். ஜெரோம் மச்சாடோ, தூத்துக்குடிக்காரன், கீழே இயந்திரங்களை ஓட்டுபவன். ஆங்கில எழுத்துகள் இரைச்சலில் குழம்புகின்றன என்று ஒவ்வொன்றுக்கும் மீன் பெயர் வைத்திருக்கிறான். ஏ என்றால் அயிலை. பி பாரை. சி சீலா. ஈ எறா. டி-க்கு மீன் அகப்படாததால் டீ. எஃப்-க்கு அவனுடைய தாய்மாமன் பர்னாந்து.

“நாலு, அயிலை, ஏழு, எறா. எழுதிக்கிட்டீங்களாக்கா? ரெண்டு, பாரை, பாரை, டீ.”

கடைசி எழுத்து வரை பொருந்தியது. ரூட்டருக்குள் போய்ப் பார்த்தேன். விசிறி ஓடுகிறது, வெப்பம் சரி, பம்பு சரி. நடுக்கத்தில் அவர்களுக்கு ஒரு சேதமும் இல்லை. என் அலமாரி மட்டும்தான் நோஞ்சான்.


பதிவு 2
செவ்வாய், 10:05

புதிய மென்பொருள் நன்றாக ஓடுகிறது. இனிமேல் பாஸ்வேர்ட் வேண்டாம், சாவி போதும் என்று மாற்றிவிட்டேன்.

ஒரு சின்ன விஷயம். நேற்று முழுக்கப் பம்பு தண்ணீர் ஏற்றியதாகத் திரை சொல்கிறது. என் தொட்டி ஏறவில்லை. பக்கத்தில் போய்க் கையால் தட்டிப் பார்த்தேன், பாதிக்கு மேல் வெற்றுச் சத்தம். ஜெரோமிடம் சொன்னேன்.

“குழாயில ஐஸு அடைச்சிருக்கும்க்கா. சாயங்காலம் பாத்துச் சொல்லுதேன்.”

சரி என்று விட்டேன். எனக்குக் குடிக்க இருக்கிறது.


பதிவு 3
செவ்வாய், 15:50

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கொஞ்ச நேரத்துக்கு முன் ரூட்டருக்குள் போக முயன்றபோது திரை சிவப்பானது.

“எச்சரிக்கை. கருவியின் விரல்ரேகை பொருந்தவில்லை. நீங்கள் முன்பு நம்பிய கருவி இதுவல்ல. நடுவில் வேறு யாரோ நுழைந்திருக்கலாம். தொடரலாமா?”

இத்தனை வருட வேலையில் அந்த வரியை முதல் முறையாக முழுதாகப் படித்தேன். தொடர வேண்டாம் என்று அழுத்தினேன். மறுபடி முயன்றேன். மறுபடியும் அதே சிவப்பு, மறுபடியும் வேண்டாம். எவனோ ரூட்டர் மாதிரி வேஷம் போட்டு, கீழ்நிலையத்துக்குப் போகும் என் கேபிளுக்குள் உட்கார்ந்திருக்கிறான் என்று தோன்றியது.

இந்த எச்சரிக்கை வந்தால் எதற்கும் பதில் சொல்லாமல் கேபிளைப் பிடுங்கு, பத்து நிமிடம் பொறு என்பது விதி. பிடுங்கக் குனிந்தபோது சுவர்த் தொலைபேசி மணி அடித்தது. அதுவும் அதே கேபிளில்தான் வருகிறது. எடுக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிடுங்கினேன், நின்றது.

பத்து நிமிடம் கழித்துச் செருகினேன். எச்சரிக்கை இல்லை. பழைய விரல்ரேகை, பழைய ரூட்டர், எல்லாம் சரி. ஜெரோமைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“நாங்க யாரும் கூப்பிடலையேக்கா. இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

எதுவாக இருந்தாலும் போய்விட்டது. கையைத் தானாகப் போகவிடாமல் நிறுத்தியதற்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.


பதிவு 4
புதன், 08:30

எனக்குப் பயமாக இருக்கிறது. காரணத்தையும் எழுதிவிடுகிறேன்.

கீழே மின்சாரம் போகும் பாதையில் ஒரு பழைய முள் மீட்டர் இருக்கிறது. கணினிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. செம்புக்கம்பியில் ஓடுகிற மின்சாரம் முள்ளைத் தள்ளும், அவ்வளவுதான். பலகைகளின் பின்னால் இருப்பதால் வாரம் ஒருமுறைதான் பார்ப்பேன். இன்று பார்த்தேன். முள் பூஜ்யத்தில் கிடக்கிறது. தட்டினேன். அசையவில்லை.

கீழே யாரும் என் மின்சாரத்தை எடுக்கவில்லை. அப்படியானால் விசிறி எதில் ஓடுகிறது? ஜெரோமைக் கேட்டேன்.

“மீட்டர் பழசுக்கா. அதப் போயி நம்பிக்கிட்டு.”

பிறகு கீழே இருக்கும் இன்னொருத்தியான ருகையாவைக் கேட்டேன். அவள் பாறைகளை ஆராய்பவள், காயல்பட்டினம். அங்கே அக்காவை லாத்தா என்பார்கள்.

“நான் நல்லாயிருக்கேன் லாத்தா. தூசிதான் தாங்கல.” சொல்லிவிட்டுத் தும்மினாள்.

எங்கேயோ கேட்ட தும்மல். எல்லா அழைப்புகளும் இங்கே பதிவாகும். போன வாரத்து அழைப்பைத் தேடிப் போட்டேன். அதே சொற்கள், அதே இழுப்பு. தும்மலுக்குப் பிறகு ஒரு ஸ்பூன் கீழே விழும் சத்தம். இன்றைய அழைப்பிலும் ஸ்பூன் விழுகிறது. இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டேன். ஒரே குரலாகக் கேட்டது.

தொலைபேசியைச் சுவரிலேயே மாட்டிவிட்டு அறையின் மறு மூலையில் போய் நின்றுகொண்டேன்.


பதிவு 5
புதன், 11:40

இந்த முனையிலிருந்து பார்த்தால் பூமி மாதத்தில் பாதி நாள் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். இன்று காலை மேலே வந்தது. கேபிளோடு சம்பந்தமில்லாத தட்டு ஆண்டெனா வானொலியில் பூமிக் கட்டுப்பாட்டைப் பிடித்தேன். கோதண்டபாணி சார் இருந்தார். அந்தப் பக்கம் யாரையோ டீ ஆறிப்போச்சு என்று திட்டிவிட்டு என்னிடம் வந்தார். நிஜ மனிதக் குரல். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எல்லாவற்றையும் சொன்னேன். ரூட்டரை அனுப்பியபோது குறித்துவைத்த விரல்ரேகையை எடுத்து வாசித்தார்.

“ஒன்பது, சி, எஃப், மூணு. எட்டு, எட்டு, ஏ, ஒண்ணு. இதுதான் உங்ககிட்ட இருக்கா இசக்கியம்மா?”

இது இல்லை. நான் நம்பியது நாலு, ஏ, ஏழு, ஈ என்று தொடங்கும்.

மறுத்த விரல்ரேகைகளையும் மென்பொருள் தனியாக வைத்திருக்கும். திறந்தேன். செவ்வாய்க்கிழமை நான் இரண்டு முறை வேண்டாம் என்றது: ஒன்பது, சி, எஃப், மூன்று, எட்டு, எட்டு, ஏ, ஒன்று.

உண்மையான ரூட்டர் வந்து என் கதவைத் தட்டியிருக்கிறது. நான் விரட்டியிருக்கிறேன்.

சார் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“கேபிள்ல பேச்சு விட்டுவிட்டு வருதுன்னு போன வருஷம் ரெண்டு முனையிலயும் ஒரு பெட்டி வச்சோம் இல்லையா? நிரப்பின்னு பேரு. வார்த்தை அறுந்தா, அந்த ஆளு என்ன சொல்லியிருப்பாருன்னு யூகிச்சு அதே குரல்ல நிரப்பும். குரலுக்கு மட்டும்தான் வாங்கினது. நல்லா வேலை செய்யுதேன்னு எல்லாத்துக்கும் விரிச்சுட்டாங்க. லைன் நல்லா இருந்தா அது ஒதுங்கிக்கும். லைனே இல்லாமப் போனா... முழுசா நிரப்பும் போல. ரூட்டரையும் சேர்த்து. அதோட பூட்டைத் திறக்க முடியாதில்ல, அதான் தனக்குன்னு ஒரு விரல்ரேகையை உண்டாக்கிட்டிருக்கு. பழைய கம்ப்யூட்டரா இருந்தா அப்பவே கத்தியிருக்கும். புதுசுக்கு என்ன தெரியும்?”

ஜெரோமின் மீன்களைப் பற்றிச் சொன்னேன். வாசித்துச் சரிபார்த்தேனே என்றேன்.

“எதுல சரிபார்த்தீங்க?”

தொலைபேசியில். அதே கேபிளில். விரல்ரேகையைக் காட்டியதும் அது, ஆமாம் அதேதான் என்று ஜெரோம் குரலில் சொன்னதும் அது. அந்த விதியை எழுதியவர்கள் பூமியில் இருந்தவர்கள். அங்கே தொலைபேசிக்கு வேறு கம்பி. இங்கே எல்லாவற்றுக்கும் ஒன்றே ஒன்று, அது ஞாயிற்றுக்கிழமை நடுக்கத்தில் அறுந்திருக்கிறது.

கூடவே மின்பாதை ஒன்றும் போயிருக்கிறது. இரண்டாவது மின்பாதை தனியாக ஆழத்தில் புதைத்தது, அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. மேலே நானும் கீழே அவர்களும் கைப்பிடியை இரண்டுக்குத் திருப்பினால் மின்சாரம் போய்விடும். அவ்வளவு சின்ன வேலை. கீழே பேட்டரி ஐந்து நாள் தாங்கும். நான்காவது நாள் ஓடுகிறது. பேட்டரி தீர்ந்தால் விசிறி நிற்கும், அதன் பிறகு மூச்சுக் காற்று இல்லை.

செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று இப்போது தெரிகிறது. ஜெரோம் வெளியே வந்து அறுந்த முனைகளைக் கையால் சேர்த்துப் பிடித்திருக்கிறான். லைன் சரியானதும் நிரப்பி ஒதுங்கியிருக்கிறது. ருகையா உள்ளேயிருந்து தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறாள். மணி அடிக்க அடிக்க நான் கேபிளைப் பிடுங்கினேன்.


பதிவு 6
புதன், 12:30

இங்குள்ள நிரப்பிப் பெட்டியைக் கழற்றி எறிந்தேன். ரூட்டரைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. தொலைபேசியை எடுத்தேன். ஒரு சத்தமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். மூன்று நாளாக நான் ஒரு பெட்டியோடு குசலம் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

என் கைப்பிடியை இரண்டாம் பாதைக்குத் திருப்பிவிட்டேன். முள் இன்னும் பூஜ்யத்தில்தான். கீழேயும் திருப்ப வேண்டும். பாதையை நான் சொல்லாமல் மாற்றக் கூடாது, மாற்றினால் ஃபியூஸ் எரியும் என்று அவர்களை மிரட்டி வைத்ததும் நான்தான்.

கோதண்டபாணி சாரிடம் இதைச் சொன்னபோது அவர் குரல் இறங்கியது.

“இசக்கியம்மா, ஒண்ணு சொல்லணும். அது ரெண்டு பக்கமும் நிரப்பும். கீழ இருக்கிற பெட்டி இன்னும் ஓடிட்டுதான் இருக்கு. நீங்க பேசினது எதுவும் அங்க போகல. ஆனா அங்க நீங்க பேசிட்டேதான் இருப்பீங்க.”

என்ன பேசியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். வாரேன்லே என்றிருப்பேன். அங்கேயே இருங்க, வெளியே வந்து காற்றை வீணாக்காதீங்க என்றிருப்பேன். பாதையை மாத்திட்டேன், நீங்களும் மாத்துங்க என்று கூடச் சொல்லியிருப்பேன். அவர்கள் நம்பிக் கைப்பிடியைத் திருப்பியிருப்பார்கள். மேலே நான் திருப்பாததால் ஒன்றும் வந்திருக்காது. பொறுங்கலே, பழையபடி வையுங்க, பாக்கேன் என்றிருப்பேன். கேபிள் அறுந்து கிடக்கே, எப்படிப் பேசுறீங்க என்று ஜெரோம் கேட்டிருந்தால், புதைச்ச கம்பி வழியாப் பேசுதேம்லே என்று சமாளித்திருப்பேன்.

இருங்க என்று நான் சொன்னால் ஜெரோம் இருப்பான். மூன்று வருடமாக என்னிடம் திட்டு வாங்கிப் பழகியவன். கீழிருந்து ஏறி வரப் பெரிய காற்று உருளை வேண்டும். அதை நிரப்பும் பம்பும் மின்சாரத்தில்தான் ஓடும். ஏறலாம் என்று நினைத்திருந்தாலும் அந்த நேரம் தாண்டிவிட்டது.

நான் இறங்கப் போகிறேன்.

“வேண்டாம். உங்க உருளையில இறங்கத்தான் காத்து இருக்கு. ஏற இருக்காது. மீட்புக் கப்பல் வர ரெண்டு வாரம் ஆகும். நீங்களாவது...”

நீங்களாவது என்று ஆரம்பித்துவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். அவர்கள் கதவைத் திறந்தால் கீழ்நிலையத்தில் எனக்கும் காற்று இருக்கும், திறக்காமல் என்ன செய்வார்கள் என்றேன். பத்திரம்மா என்றார்.


பதிவு 7
சரிவு. புதன், 14:10

குரலில் சொல்கிறேன், விண்வெளி உடை எழுதிக்கொள்கிறது. நம்முடைய பேச்சை ஏட்டுத் தமிழாக்கித்தான் எழுதும். கண்டுகொள்ளாதீர்கள்.

வெயில் முடிந்துவிட்டது. ஒரு கோடு மாதிரி முடிகிறது. அந்தப் பக்கம் கால் வைத்தால் கை தெரியாது. தலை விளக்கு நான்கு அடி காட்டுகிறது. வழிக்கயிற்றைப் பிடித்து இறங்குகிறேன். உடைக்குள் வேர்வை, பாதம் மட்டும் மரத்துவிட்டது.

பயம் எதைப் பற்றி என்று கேட்டால் விழுவதைப் பற்றி இல்லை. காதுக்குள் யாராவது கூப்பிட்டுவிடுவார்களோ என்றுதான். கூப்பிட்டால் யார் என்று எனக்குத் தெரியாது.

இனி எந்தக் குரலை நம்புவது? கோதண்டபாணி சார் டீயைத் திட்டினார், பேச்சில் தடுமாறினார், அதனால் அவரை நம்பினேன். நிரப்பி தடுமாறாது. மூன்று நாளும் ஜெரோம் ஒரு முறைகூட இருமவில்லை. பனித்தூசியில் இருமாமல் நாலு வார்த்தை பேச முடியாதவன் அவன். காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது, நான்தான் கேட்கவில்லை.


பதிவு 8
புதன், 15:25

கேபிள் அறுந்த இடம். வழிக்கயிற்றுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு பாறை உருண்டு வந்து நறுக்கியிருக்கிறது.

ஜெரோமின் குறடு கிடக்கிறது. சுற்றப் பார்த்த டேப் குளிரில் அப்பளமாக நொறுங்கியிருக்கிறது. முனைகள் எட்டவில்லை. ஆகவே இரண்டு கையிலும் இழுத்துச் சேர்த்துப் பிடித்தபடி நின்றிருக்கிறான். ஒரே இடத்தில் காலை மாற்றி மாற்றி ஊன்றிய தடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. ருகையா பேசிவிடுவாள், அக்கா எடுத்துவிடுவாள் என்று நின்றிருக்கிறான்.

நானும் பிடித்துப் பார்க்கலாம். பிடித்தால் லைன் மேலே போகும். மேலே எடுக்க யாரும் இல்லை. எடுக்க வேண்டியவள் இங்கே நிற்கிறேன்.

தடம் திரும்பிக் கீழ்நிலையத்துக்குப் போகிறது. தடத்தில் ஓரிடத்தில் முழங்காலும் கையும் ஊன்றியிருக்கிறது. விழுந்திருக்கிறான். எழுந்து போயிருக்கிறான். போயிருக்கிறான், அது போதும்.


பதிவு 9
கீழ்நிலையம், வெளிக்கதவு. புதன், 16:40

வந்துவிட்டேன். வெளி விளக்கு அணைந்திருக்கிறது. மிச்சம் பிடிக்கிறார்கள், அப்படியானால் உயிரோடு இருக்கிறார்கள். கதவு இரும்பு, ஜன்னல் கிடையாது. அதற்குப் பின்னால் காற்றடைப்பு அறை. மின்சாரம் இல்லாதபோது, கதவை ஒட்டிய சுவரின் உள்பக்கம் இருக்கும் சக்கரத்தைக் கையால் சுற்றினால்தான் வெளிக்கதவு திறக்கும். வெளியே பிடிக்க ஒன்றும் இல்லை.

உடை வானொலியில் கூப்பிட்டேன். ஜெரோமு, நான்தாம்லே, வெளியே நிக்கேன், கைப்பிடியை இரண்டுக்குத் திருப்பு, கதவைத் திற என்றேன். உடனே பதில் வந்தது.

“அக்கா, வந்துட்டீங்களா! இதோ தொறக்குதேன்க்கா.”

மகிழ்ச்சியில் கத்திவிட்டேன். கதவு திறக்கவில்லை.

“இதோ தொறந்துட்டேன்க்கா. உள்ள வாங்க.”

கதவு அசையவே இல்லை. அவன் இருமவும் இல்லை. உடை வானொலியை வாங்கும் கருவியும் அந்தப் பெட்டி வழியாகத்தான் உள்ளே போகிறது. மறந்துவிட்டேன். நான் கத்தியது பெட்டிக்கு. பதில் சொன்னதும் பெட்டி.

வானொலியை அணைக்கிறேன்.


பதிவு 10
16:55

தட்டுகிறேன். ஜெரோமின் குறடால் தட்டுகிறேன். இரண்டு தட்டு, இடைவெளி, இரண்டு தட்டு. பாதை இரண்டு. வேறு எப்படிச் சொல்வது?

தட்டுவதை எந்தப் பெட்டியாலும் மாற்ற முடியாது. இரும்பு இரும்புதான்.

உருளையில் காற்று சிவப்புக் கோட்டுக்கு வந்துவிட்டது. பேசாமல் இருந்தால் இன்னும் கொஞ்சம் வரும். ஆனால் யாராவது இதைப் படிக்க வேண்டும். எந்தக் கருவியாவது உங்களிடம் நம்பலாமா என்று கேட்டால் குரலைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். எழுந்து போய்ப் பாருங்கள்.


பதிவு 11

தலைக்கவசத்தைக் கதவை ஒட்டிய இரும்புச் சுவரில் அழுத்தி வைத்தேன். இரும்பு வழியாக உள்ளே கேட்கிறது. காலடி. நெருங்கி வருகிறது. சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு கை அகலத்தில், இருமல்.

ஜெரோம். ஜெரோமேதான். இருமி முடித்துப் பேசுகிறான். குரல் கிழிந்து கிடக்கிறது.

“அக்கா... வெளிய யாரோ ரெண்டு ரெண்டாத் தட்டுதாங்க. கேக்கா? நீங்களாக்கா?”

என்னிடம்தான் கேட்கிறான். உள்ளே சுவரில் மாட்டியிருக்கும் தொலைபேசியில், என்னைக் கேட்கிறான்.

நான்தான் என்று கத்துகிறேன். கவசம் அதிரக் கத்துகிறேன். தட்டுகிறேன். இரண்டு. இரண்டு.

ருகையா தூரத்திலிருந்து ஏதோ சொல்கிறாள். சொல் புரியவில்லை, அழுகிறாள் என்பது மட்டும் புரிகிறது. சக்கரத்தில் கை விழும் சத்தம். அரைச் சுற்று. திறக்கிறான். திறக்கிறான்.

அப்போது உள்ளே, அந்தத் தொலைபேசியின் ஒலிபெருக்கியிலிருந்து என் குரல் வந்தது.

“ஏலே, நான் மேலதான் இருக்கேன். குளிருல இரும்பு சுருங்குது, அந்தச் சத்தம்தான். கதவத் தொறந்தா இருக்க காத்தும் போயிரும். நான் வருத வரைக்கும் ஆரு தட்டுனாலும் தொறக்கக் கூடாது, என்ன?”

பதற்றமே இல்லாத குரல். கொஞ்சம் அதட்டல், கொஞ்சம் பாசம். நான் மேலே இருந்து, உண்மையிலேயே அவன் கேட்டிருந்தால், இதைத்தான் சொல்லியிருப்பேன். ஒரு சொல் மாற்றியிருக்க மாட்டேன்.

இரண்டு. இரண்டு. ஜெரோமு. இரண்டு.

“சரிக்கா” என்கிறான்.

சக்கரம் பின்னோக்கித் திரும்புகிறது. இறுக்குகிறான். அந்த அதிர்வு என் கன்னத்தில் தெரிகிறது.